துவர்ப்பின் வயது

நாட்றம்பள்ளியைத் தாண்டி வாணியம்பாடிப் பக்கம் போகும் நெடுஞ்சாலையின் ஓரங்களில், வேறெதுவும் விளையாத மேட்டு நிலத்திலும் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிப்பார்கள். காய வைத்து, சர்க்கரை நோய்க்கு நல்லது என்று பொட்டலம் போட்டு விற்பார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்தச் செடிக்கு வேறு மதிப்பு இருந்தது. பூவை விட்டுவிட்டுக் கிளையை வெட்டி, பட்டையை உரித்து, மூட்டை கட்டி, தோல் பதனிடும் டேனரிகளுக்கு அனுப்பினார்கள். அந்தப் பட்டையில் ஊறிய தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் ஏலத்துக்குப் போய், ஐரோப்பியரின் காலணியாகவும் புத்தக அட்டையாகவும் மாறியது.

பட்டைக்குள் இருந்த சரக்கின் பெயர் டானின். கடுக்காயைக் கடித்தாலும், நாவல் பழம் தின்றாலும், வாழைப்பூவைப் பச்சையாக மென்றாலும் நாக்கு வறண்டு இழுப்பது இதனால்தான். இத்தாலியின் பேர்போன சிவப்பு ஒயின்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் புட்டிக்குள் கிடந்தும் வீணாகாமல் சுவை கூடுவதற்குப் புளிப்போடு சேர்ந்து பெரிய காரணமாக இருப்பதும் இதே டானின்தான். பாலாற்றங்கரை டேனரித் தொழிலாளியும் டஸ்கனி மலைச்சரிவில் ஒயினைப் புளிக்க வைக்கும் குடியானவரும் ஒருவரையொருவர் அறிந்ததில்லை. ஆனாலும் இருவரின் தொழிலும் துவர்ப்பையும் காலத்தையும் நம்பியே நடந்தது. அங்கே காலத்துக்குச் சட்டம் காவல் நின்றது. இங்கே காலத்தை ஓர் உலோக உப்பு விழுங்கிவிட்டது.

டானின் புரதத்தைக் கண்டால் விடாது. வாயை வழவழப்பாக வைத்திருக்கச் சில புரதங்கள் உமிழ்நீரில் உண்டு. துவர்ப்பான எதையாவது வாயில் போட்டதும் டானின் அவற்றைப் பற்றித் திரட்டிவிடுகிறது. வழவழப்புப் போய் ஈறும் கன்னமும் ஒட்டிப் பிடிக்கின்றன. ஆட்டுத்தோலிலும் மாட்டுத்தோலிலும் இருப்பது கொலாஜன் என்ற புரதம். அங்கேயும் டானின் நாருக்கு நார் பற்றிக்கொள்கிறது. அதன் பிறகு கிருமிகளால் தோலை எளிதில் சிதைக்க முடிவதில்லை, ஈரம் பட்டாலும் அழுகுவதில்லை. புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் என்றால் டானினுக்குக் கூடுதல் பிடிப்பு. உமிழ்நீரின் அந்தப் புரதங்களிலும் கொலாஜனிலும் புரோலின் ஏராளம். இளம் ஒயினை ஒரு வாய் குடித்தவரின் நாக்குக்கு நேர்வது, சிறிய அளவில், பட்டைக் குழியில் இறக்கிய தோலுக்கு நேர்வதேதான்.

வேலூர், ஆம்பூர்ப் பகுதி தோலுக்குப் பேர் வாங்கியதற்குக் காரணங்கள் எளிமையானவை. பாலாற்று மணலுக்கடியில் தண்ணீர் இருந்தது. வறண்ட காடுகளில் ஆவாரையும் மலைகளில் கடுக்காயும் கிடைத்தன. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பாதை ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வழியாக மேற்கே நீண்டது. பச்சைத் தோலை உள்ளே கொண்டுவரவும் பதனிட்ட தோலைத் துறைமுகத்துக்கு அனுப்பவும் வழி பிறந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று டேனரிகள் வரிசையாக எழுந்தன. முதலாளிகளில் பெரும்பாலோர் முஸ்லிம் வணிகர்கள். சுண்ணாம்பிலும் பட்டைத் தண்ணீரிலும் கையை விட்டு நின்றவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். தோலில் சேர்ந்த பணம் கல்விக்கும் போனது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தொடங்கியதே அதற்குச் சாட்சி. குழியில் நின்றவர்களின் வீட்டுக்கு அந்தப் பணம் எவ்வளவு போனது என்பது வேறு கதை.

பட்டைத் தோல் செய்வது அவசரக்காரர் வேலை அல்ல. உப்புப் போட்டு வந்த தோலை முதலில் தண்ணீரில் ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் போக்குவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. முடி தளர்ந்ததும் வளைந்த மரத்தின் மேல் தோலைப் போட்டு, கூரில்லாத கத்தியால் முடியை வழிப்பார்கள். திருப்பிப் போட்டு, ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சீவுவார்கள். சுண்ணாம்பைக் கழுவி எடுத்த பிறகுதான் ஆவாரம் பட்டைக் குழிக்குள் தோல் இறங்கும். இங்கேதான் கைப்பக்குவம். புதுத் தோலைக் கெட்டியான பட்டைத் தண்ணீரில் எடுத்தவுடன் போட்டால் மேல்பரப்பு மட்டும் இறுகிக்கொள்ளும், உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். அதனால் பலமுறை பயன்பட்டுச் சக்தி குறைந்த பழைய தண்ணீரில் தொடங்கி, நாளாக நாளாகப் புதிய, வீரியமான தண்ணீருக்கு மாற்றுவார்கள். தினமும் தோலை மேலே எடுத்துப் புரட்டிப் போட வேண்டும். மெல்லிய ஆட்டுத்தோலுக்கே வாரக்கணக்கில் ஆகும். மாட்டுத்தோல் இன்னும் நாள் கேட்கும்.

தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க ஓரத்தில் சிறு துண்டு வெட்டுவார்கள். வெட்டுவாய் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக இருந்தால் வேலை முடிந்தது. நடுவில் வெளுத்த கோடு ஒன்று ஓடினால் டானின் இன்னும் உள்ளே போய்ச் சேரவில்லை என்று பொருள். தோல் மறுபடி குழிக்குள் போகும்.

பதமான தோலுக்குக் கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீர் காட்டி, எண்ணெய் தடவி, கல்மேல் வைத்துத் தேய்த்து நீவி உலர்த்துவார்கள். கடுக்காய்க்கு ஒரு காரணம் உண்டு. ஆவாரம் பட்டையில் மட்டும் ஊறிய தோல் வெயில் பட்டால் சிவந்து போகும். கடுக்காய் சேர்ந்தால் வெளிர் வைக்கோல் நிறம் நிலைக்கும். இப்படி முக்கால் வேலை முடித்துச் சாயமோ பளபளப்போ ஏற்றாமல் அனுப்பிய சரக்குக்குக் கிழக்கிந்தியாவின் பெயராலேயே ‘ஈ.ஐ. லெதர்’ என்று வணிக உலகம் பெயர் வைத்தது. வாங்கியவர்கள் தங்கள் ஊரில் வேண்டிய சாயம் ஏற்றிக்கொண்டார்கள்.

இனி ஒயின் பக்கம். டஸ்கனியில் சியன்னா நகருக்குத் தெற்கே மொண்டால்சீனோ என்ற மலை ஊர் இருக்கிறது. அங்கே ஃபெருச்சியோ பியோண்டி சாந்தி என்பவர் 1888 அறுவடையின் சாஞ்சோவேசே திராட்சையிலிருந்து, நெடுநாள் வைத்திருந்து குடிப்பதற்கென்றே ஓர் ஒயினை உருவாக்கினார். புருனெல்லோ டி மொண்டால்சீனோ என்ற பெயர் உலகெங்கும் தெரிய அதுவே தொடக்கம். திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் இருக்கிறது. சாறு புளிக்கும்போது தோலோடும் விதையோடும் சேர்ந்தே கிடப்பதால் அது ஒயினுக்குள் இறங்குகிறது. தண்ணீரில் பட்டை ஊறுவதும் இதே கணக்குதான். வடக்கே பரோலோ வட்டாரத்தின் நெபியோலோ திராட்சையில் டானின் இன்னும் முரட்டுத்தனமானது.

நான்கைந்து வயதுள்ள புருனெல்லோவில் செர்ரிப் பழத்தின் புதுமணம் முன்னால் நிற்கும். புளிப்பு கூராக இருக்கும். விழுங்கிய பிறகும் ஈறைத் துவர்ப்பு பிடித்துக்கொண்டிருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழத்தின் பச்சை மணம் உலர்பழ மணமாகும். அதிமதுரம், புகையிலை, காய்ந்த சருகு என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். இருபது முப்பது ஆண்டுகள் கடந்த நல்ல புட்டியில் மழைக்குப் பிந்தைய காட்டு மண்ணும் காளானும் மணக்கும். துவர்ப்பு இருக்கும், ஆனால் பிடிக்காது, வருடிக்கொண்டு போகும். உள்ளே நடப்பது இதுதான்: தக்கை வழியாக மிகச் சிறிதளவு காற்று புகுகிறது, டானின் மூலக்கூறுகள் தமக்குள்ளும் திராட்சையின் நிறப்பொருளோடும் சேர்ந்து உருமாறுகின்றன, ஒரு பகுதி கனமாகி வண்டலாகப் படிகிறது. அதனால்தான் பழைய ஒயினைக் குலுக்காமல், வண்டல் கலக்காமல் மெதுவாக வேறு குவளைக்கு ஊற்றிக் குடிக்கிறார்கள்.

வயதைக் கண்ணாலும் அறியலாம். சுவை பார்ப்பவர் வெள்ளைத் துணிக்கு மேலே கண்ணாடிக் குவளையைச் சாய்த்து விளிம்பைப் பார்ப்பார். இளம் ஒயினின் விளிம்பு செந்நிறம். வயதாக ஆக அது மாதுளை நிறமாகி, செங்கல் நிறமாகி, கடைசியில் ஆரஞ்சாக வெளிறும். வாணியம்பாடி மேஸ்திரி வெட்டிய ஓரத்தில் தேடியதை இவர் குவளையின் ஓரத்தில் தேடுகிறார். முதுமையும் எல்லையற்றது அல்ல. நாள் தவறினால் பழ மணம் அடியோடு போய்ச் சப்பென்று ஆகிவிடும்.

முதிர்ந்த புருனெல்லோவையும் பரோலோவையும் வருணிப்பவர்கள் தவறாமல் சொல்லும் இன்னொரு மணம் தோல். சுண்ணாம்புக் குழியின் நாற்றத்தை அறிந்த பாலாற்றங்கரைக்காரர் இதைக் கேட்டால் முகம் சுளிக்கலாம். ஒயினை வருணிப்பவர்கள் சொல்வது பட்டையில் பதமாகி எண்ணெய் ஏறிய பழைய குதிரைச் சேணத்தின் மணத்தை. அதில் ஒரு பங்கு வயதால் வருவது. சில ஒயின்களில் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் புகுந்து அந்த மணத்தைக் கூட்டிவிடுவதும் உண்டு. அளவாக இருந்தால் அழகு என்பார்கள், மிஞ்சினால் மாட்டுக்கொட்டகை.

இத்தாலிய மது தமிழ் மண்ணுக்கு வந்தது நேற்றல்ல. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோதும், பின்னர் விமலா பெக்லி குழுவினர் ஆய்ந்தபோதும் மத்தியதரைக் கடல் பகுதியின் மதுச் சாடிகள் உடைந்த ஓடுகளாகக் கிடைத்தன. கிரேக்கத் தீவான கோஸ் வகைச் சாடிகளும், இத்தாலியின் கம்பானியா பகுதிச் சாடிகளும் அவற்றில் இருந்தன. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர் யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். கம்பானியாவின் ஃபலேர்னியன் மது பதினைந்து, இருபது ஆண்டு வயதில்தான் சிறப்பு என்று ரோமானிய உலகில் பேசிக்கொண்டார்கள். மூங்கில் குழாய்க்குள் வைத்து முற்றவைத்த தேறலை மலைபடுகடாமும் அறியும். வயதேற்றிக் குடிக்கும் பழக்கம் இரு கரைகளிலும் இருந்திருக்கிறது.

தாவர டானின்களை வேதியியலார் இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். ஆவாரம் பட்டையும் திராட்சையும் ஒரு குடும்பம். கடுக்காயும், ஒயின் பீப்பாய் செய்யும் ஓக் மரமும் மற்றொரு குடும்பம். ஆவாரையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடித்த பாலாற்று முறையும், திராட்சைத் தோலில் ஊறவைத்து ஓக் பீப்பாயில் வைத்த டஸ்கனி முறையும் இரண்டு குடும்பங்களையும் அதே வரிசையில்தான் பயன்படுத்தின. பழைய பெரிய பீப்பாய்கள் டானினைக் கொஞ்சமாகவே தரும். மரத்தின் வழியே மெல்லக் காற்றை விடுவதே அவற்றின் முதல் வேலை.

ஆனால் ஒரே குடும்பத்துத் துவர்ப்பு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக மூப்படைந்தது. லண்டன் நூலகங்களில் தோல் அட்டை போட்ட புத்தகங்கள் சில பத்தாண்டுகளிலேயே செம்பொடியாக உதிர்வதைப் பார்த்து, ‘சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ்’ சங்கம் ஒரு குழுவை அமைத்தது. 1901-இல் வந்த அறிக்கை, ஆவாரை போன்ற டானினில் பதமான இந்திய ஆட்டுத்தோலும் செம்மறித்தோலும் நூல் கட்டுவதற்கு ஏற்றவை அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. எரிவாயு விளக்கும் நிலக்கரிப் புகையும் கக்கிய கந்தக வாயுவைத் தாங்கும் வலு அந்த வகை டானினுக்கு இல்லை. காற்றை அளந்து விடும் தக்கையிட்ட புட்டிக்குள் முப்பது ஆண்டு சிறந்த துவர்ப்பு, லண்டன் புகையில் பொடியாகிப் போனது. காலம் தானாக எதையும் உயர்த்திவிடுவதில்லை.

புத்தகத்தில் தோற்றாலும் காலணியில் ஈ.ஐ. தோலுக்கு மதிப்பு குறையவில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்காக, சென்னை மாகாணத்தின் பட்டைத் தோலைப் பிரிட்டிஷ் போர்த் துறை கிட்டத்தட்ட மொத்தமாகவே வாங்கிக்கொண்டது. பதனிடும் வேலை இங்கேயே நடக்கட்டும் என்று 1919-இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி போட்டார்கள்.

அதற்குள் மாற்று வந்துவிட்டது. 1884-இல் அமெரிக்காவில் ஆகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமிய உப்பில் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கான வேலை ஒரு நாள் கணக்கானது. தோல் மெல்லியதாகவும் சூடு தாங்குவதாகவும் வந்தது, சாயமும் நன்றாக ஏறியது. சென்னையில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1900-களின் தொடக்கத்திலேயே அரசு செலவில் இதைச் சோதித்தார். அரசு தொழில் நடத்தக் கூடாது என்று 1910-இல் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மார்லி அனுப்பிய ஆணை அந்த முயற்சிகளுக்குத் தடை போட்டது. பாலாற்றங்கரை இன்னும் சில பத்தாண்டுகள் பட்டையிலேயே ஓடியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. பிறகு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாட்டில் மரத்தையே வளர்த்தார்கள். 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாயுடம்மா போன்ற அறிவியலாளர்கள் அங்கிருந்து டேனரிகளுக்கு நேரில் போய் வேலை செய்தார்கள். 1973-இல் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியை நிறுத்தி, பாதி பதனிட்ட தோலுக்கும் அளவு கட்டியது. முழுக்கப் பதனிட்ட தோலையும் ஷூவையும்தான் இனி விற்க வேண்டும் என்றானது. அதற்குக் குரோம் தோதாக இருந்தது. குழிகள் மூடப்பட்டன. பெரிய மர டிரம்கள் சுழலத் தொடங்கின.

விலையை ஆறு கொடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அதில் பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவரே இழப்பை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்ட வழக்குகளில் இது முக்கியமானது. பட்டை முறை மட்டும் புனிதம் என்று சொல்லிவிட முடியாது. உப்பும் சுண்ணாம்பும் பட்டைக் கழிவும் அன்றும் தண்ணீரைக் கெடுத்தன. குரோமியம் என்ற உலோகம் அதில் இல்லை, அவ்வளவே. வேகம் கூடிக் கழிவின் அளவும் கூடியபோது பாலாறு அதைத் தாங்கவில்லை.

இத்தாலி தன் காலத்தை எப்படிக் காத்தது என்பது இங்கே பார்க்க வேண்டியது. புருனெல்லோ என்று பெயர் ஒட்ட வேண்டுமானால், அறுவடை ஆண்டுக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரிக்கு முன் விற்பனைக்கு வரக் கூடாது. அதில் குறைந்தது இரண்டு ஆண்டு மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். பரோலோவுக்கு 38 மாதம், அதில் 18 மாதம் மரத்தில். 2008-இல் சில தயாரிப்பாளர்கள் வேறு திராட்சையைக் கலந்ததாகச் சந்தேகம் எழுந்தபோது லட்சக்கணக்கான புட்டிகள் முடக்கப்பட்டன. விதியைத் தளர்த்தலாமா என்று அதே ஆண்டு வாக்கெடுப்பு நடந்தபோது, சாஞ்சோவேசே மட்டுமே என்ற பழைய விதியையே தயாரிப்பாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

தோலிலும் அப்படித்தான். டஸ்கனியின் ஆர்னோ ஆற்றங்கரையில் சாந்தா குரோச்சே, போண்டே அ எகோலா என்ற ஊர்கள் அங்கத்திய ஆம்பூர், வாணியம்பாடி. குரோம் அங்கேயும் வந்தது, மாசும் வந்தது. ஆனால் 1994-இல் பட்டை முறை டேனரிகள் தனியே ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, தங்கள் தோலுக்கு வரிசை எண்ணிட்ட சான்றட்டை கொடுக்கத் தொடங்கின. செஸ்ட்நட் மரமும், தென் அமெரிக்க கெப்ராச்சோவும், வாட்டிலும் சேர்த்துப் பதமாக்கிய அந்தத் தோலுக்கு உலகின் கைப்பை வியாபாரிகள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். பழகப் பழக நிறம் ஏறுவதையே அதன் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள்.

ஈ.ஐ. தோலுக்கும் தமிழ்நாட்டின் பெயரில் புவிசார் குறியீடு இருக்கிறது. பத்தமடைப் பாய்க்கும் காஞ்சிப் பட்டுக்கும் இருக்கும் அதே குறியீடு. பாயையும் பட்டுச் சேலையையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. ஈ.ஐ. தோலைக் கேட்கிற தமிழர் அரிது. நாட்றம்பள்ளிச் சுற்றுவட்டாரத்திலிருந்து ஷூ கம்பெனிகளுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கே ஆவாரம் பட்டைக்கும் தோலுக்கும் உள்ள உறவு தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. குறியீடு வாங்குவது பாதி வேலை. எந்தப் பட்டை, எத்தனை நாள், எந்த டேனரி என்று ஒவ்வொரு தோலோடும் சான்று கொடுத்து, கழிவுநீரையும் ஒழுங்காகச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடு ஒரு சில டேனரிகளாவது ஒன்றுசேர்ந்தால்தான் மீதிப் பாதி நிறைவேறும். தோல் ஆராய்ச்சி நிறுவனமும் மாநில அரசும் கைகொடுக்கக் கூடிய வேலை இது.

வாங்குகிறவர் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை பெல்ட்டோ செருப்போ வாங்கும்போது அதன் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். சாயம் பூசாத ஓரமாக இருந்து, நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அது குரோம் தோல். மேலிருந்து கீழ்வரை ஒரே தவிட்டு நிறமாக இருந்தால் பட்டைத் தோலாக இருக்க வாய்ப்பு அதிகம். தெரியவில்லை என்றால் கடைக்காரரிடம், “இது பட்டைத் தோலா, குரோமா?” என்று கேளுங்கள். கேட்பவர் பெருகினால்தான் செய்பவரும் பெருகுவார்.